சில்லு சொல்லும் செய்தி



காணி உறுதி, சுழற்சிக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ விடயங்களை இப்பக்கத்தில் கதைத்திருக்கிறோம். இம்முறை வாகனச் சில்லுக்குள் இருக்கும் ஒரு சிறிய பொருளைப் பற்றிக் கதைப்போம். இது ஆண்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய பிக்கப் ஒன்றை நம்பி மரக்கறி ஏற்றுகின்ற, மீன் விற்கின்ற, தேங்காய் வாங்கி விற்கின்ற பெண்கள் எமது பிரதேசங்களில் இன்று இருக்கிறார்கள். தாமே ஓட்டுபவர்களும் உண்டு, மகனையோ சாரதியையோ கொண்டு ஓடுவிப்பவர்களும் உண்டு.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022 நெருக்கடியோடு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே இருக்கிற வண்டியைத் திருத்தி ஓடுவதைத் தவிர எம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. வண்டி நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும்.

பெயாரிங் என்பது என்ன?

சைக்கிள் சில்லைக் கழற்றியவர்களுக்கு இது புதிதல்ல. அச்சைச் சுற்றிச் சிறிய இரும்புக் குண்டுகள் கிறீசுக்குள் கிடக்கும். அவை உருள்வதால்தான் சில்லு தேயாமல் சுற்றுகிறது. எண்ணெய் வற்றிய கிணற்றுக் கப்பி எப்படிக் கத்தும் என்பதும் எமக்குத் தெரியும். பிக்கப்பின் பெயாரிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. பாரம் அதிகம் என்பதால் முன் சில்லுகளில் குண்டுகளுக்குப் பதிலாக ஒரு பக்கம் ஒடுங்கிய உருளைகள் இருக்கும். இந்த வகைப் பெயாரிங்குக்கு 1898 இல் அமெரிக்காவில் ஹென்றி ரிம்கின் என்பவர் காப்புரிமை பெற்றார்.

சிறு பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943 இல், அமெரிக்க விமானங்கள் ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரின் மீது இருமுறை பெரும் தாக்குதல் நடத்தின. அங்கே பெயாரிங் தொழிற்சாலைகள் இருந்தமையே அதற்குக் காரணம். பெயாரிங் இல்லாமல் எந்த இயந்திரமும் சுற்றாது.

சத்தத்தைக் கேளுங்கள்

பெயாரிங் ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் ஒரு முனகல் கேட்கும். வேகம் கூடக் கூட அந்தச் சத்தமும் கூடும். ஓடிக்கொண்டிருக்கையில் கியரை நியூட்ரலுக்கு எடுத்தாலும் சத்தம் மாறாவிட்டால் அது எஞ்சினுக்குரியது அல்ல. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கச் சில்லுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இடப்பக்கம் வளைக்கையில் கூடினால் வலப்பக்கத்தை. மாரி காலத்தில் வெள்ளம் பாயும் வீதியால் ஓடிய வண்டிகளுக்கு இது விரைவில் வரும். நீர் உள்ளே புகுந்தால் கிறீஸ் கெட்டுவிடும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் சந்திக்கும் சகோதரி ஒருவர் யுத்தத்தில் கணவரை இழந்தவர். அண்ணனோடு பங்குக்கு வாங்கிய பழைய பிக்கப்பில் விடியமுன் மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போவார். “மிஸ், போன மாரியிலயிருந்து இடப்பக்கம் ஒரு சத்தம். நான் சொன்னால் ஒருத்தரும் கேக்கினமில்லை” என்றார். ஒரு கராஜில் முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவரால் எண்ணிப் பார்க்க முடியாத தொகையைக் கேட்டிருந்தார்கள். “வித்துப்போட்டு வீட்டோட இரு” என்பது உறவினர்களின் ஆலோசனை. விற்றால் மகளின் உயர்தரப் படிப்புக்கு வழியில்லை.

அயலில், வேலையை விட்டு ஓய்ந்திருந்த முதிய மெக்கானிக் ஐயா ஒருவர் வந்து சில்லை உயர்த்திப் பார்த்தார். மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது சில்லு ஆடியது. மகளைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார். ஆட்டம் நின்றது. “பிறேக் பிடிக்க ஆட்டம் நிண்டால் அது பெயாரிங், பிள்ளை. நிக்காட்டில் வேறை இடம் பாக்கவேணும்” என்றார். சில்லைக் கையால் சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவதைப் போல் இருந்தது. முன்பக்கம் முழுவதும் அல்ல, ஒரு சில்லின் பெயாரிங் மட்டுமே பழுது என்பது அந்த முற்றத்திலேயே தெரிந்தது. வேலையை அந்தச் சகோதரியே செய்தார். ஐயா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார். அன்று நான் அங்கே இருந்து பார்த்து எழுதியதை வரிசையாகத் தருகிறேன்.

வேலையின் வரிசை

1. வண்டியைச் சமமான, இறுகிய நிலத்தில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிறேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சில்லு நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே இளக்க வேண்டும்.

2. ஜக் உயர்த்துவதற்கு மட்டுமே. உயர்த்தியதும் இரும்புத் தாங்கி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். சீமெந்துக் கல் வைக்கவே கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். வண்டிக்குக் கீழே எவரும் போகக் கூடாது. சிறுபிள்ளைகளை முற்றத்திலிருந்து அனுப்பிவிட வேண்டும்.

3. சில்லைக் கழற்றியபின் பிறேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறேக் குழாயில் பாரம் விழக் கூடாது.

4. நடுவில் உள்ள கிறீஸ் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை இழுத்து, நட்டைக் கழற்ற வேண்டும். ஹப்பை மெதுவாக இழுக்கும்போது வெளிப் பெயாரிங் வரும். ஹப்பின் பின்பக்கத்து ஒயில் சீலை நெம்பினால் உட்பெயாரிங் வரும். சிறியது வெளியே, பெரியது உள்ளே.

5. பெயாரிங்கில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு, பழையதையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். சீலும் ஸ்பிளிட் பின்னும் புதிதாக வாங்க வேண்டும்.

6. ஹப்புக்குள் இறுகியிருக்கும் இரும்பு வளையத்தையும் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளை ஓடினால் விரைவில் கெடும். பித்தளைக் கம்பியை வைத்து இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று என்று மாறி மாறித் தட்டி எடுக்க வேண்டும். புதியதையும் சாயாமல் அப்படியே இறக்க வேண்டும். அது அடியில் முட்டியதும் தட்டும் ஓசை மாறிவிடும்.

7. ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்திய பின், சில்லுப் பெயாரிங்குக்குரிய கிறீசை உள்ளங்கையில் எடுத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்த வேண்டும். உருளைகளுக்கிடையால் கிறீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை சுற்றிச் சுற்றி அழுத்த வேண்டும். மேலே பூசினால் மட்டும் போதாது. பிறேக் டிஸ்க்கில் கிறீஸ் படவே கூடாது.

8. உட்பெயாரிங், சீல், ஹப், வெளிப் பெயாரிங், வொஷர், நட்டு என்ற வரிசையில் பூட்ட வேண்டும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் இளக்கி, மீண்டும் மெதுவாக இறுக்க வேண்டும். ஆட்டமும் இருக்கக் கூடாது, சுற்றுவதற்குத் தடையும் இருக்கக் கூடாது. எவ்வளவு இறுக்கம் என்பது அந்தந்த வண்டியின் கைநூலில் இருக்கும். அதிகம் இறுக்கினால் சூடேறி எரியும். புதிய ஸ்பிளிட் பின்னைப் போட்டு வளைத்துவிட வேண்டும்.

9. எல்லாவற்றையும் பூட்டிச் சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். வண்டியை அசைக்குமுன் பிறேக்கைப் பலமுறை மிதித்து, அது இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் மெதுவாகச் சிறிது தூரம் ஓடி, ஹப் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா என்று கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மறுநாள் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய பழைய பெயாரிங்கை ஐயா கடதாசியில் வைத்துக் காட்டினார். உருளைகளின் தோல் உரிந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இப்படியே ஓடியிருந்தால் அது இறுகிச் சில்லே கழன்றிருக்கும் என்றார். விடியப்புறத்து இருட்டில், பாரம் ஏற்றிய வண்டியில், அவரோடு மகளும் சில நாட்களில் போவதுண்டு.

வீட்டில் செய்யக் கூடாதவை

இந்த முறை பழைய, பின் சில்லால் இயங்கும் பிக்கப்புகளின் முன் சில்லுக்கே பொருந்தும். பல புதிய வண்டிகளில் ஹப்பும் பெயாரிங்கும் ஒன்றாகவே வரும். அழுத்து இயந்திரத்தால் மாற்ற வேண்டிய பெயாரிங்குகளும் உண்டு. அவற்றைக் கராஜிலேயே செய்விக்க வேண்டும். முதல் தடவை, வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். இது பிறேக்கோடு சேர்ந்த வேலை.

கராஜுக்குப் போனாலும் இந்த அறிவு வீண்போகாது. எந்தச் சில்லு, ஏன் என்று கேளுங்கள். ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். வளையமும் சீலும் மாற்றப்படுகின்றனவா என்று பாருங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

எந்த வேலை யாருடையது என்பதைச் சமூகம் வகுப்பதைத் தொழிற்பிரிவினை என்று சமூகவியலில் படித்தோம். அது இயற்கையின் சட்டம் அல்ல, தேவை வரும்போது மாறும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில் நாம் வளர்ந்தவர்கள். அன்று எவரும் அது ஆணின் வேலையா, பெண்ணின் வேலையா என்று பார்க்கவில்லை. யுத்தத்தின் பின் வீட்டுப் பாரம் முழுவதும் பெண்ணின் தலையில் வந்தபோது, அதைச் சுமக்கும் அறிவை மட்டும் ஏன் பிறர் கையில் விட்டுவைக்க வேண்டும்?

வண்டியுள்ள சகோதரிகள் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, எந்தச் சில்லில், எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். பெயாரிங் இலக்கத்தையும் அதில் குறியுங்கள். கொப்பியை வண்டிக்குள்ளேயே வைத்தால் எங்கே பழுது வந்தாலும் உதவும். அடுத்த மாதம் பிறேக்கைப் பற்றிக் கதைப்போம்.