டிக்கியைத் திற, டேப்பை எடு!

"நாலு பேர் காசு போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிடலாம். ரெண்டு சைக்கிள், ஒரு டென்ட், ஒரு அடுப்பு. வெள்ளிக்கிழமை லேப் முடிஞ்சதும் கிளம்பினா நைட் கொல்லிமலை அடிவாரம்."

இந்தப் பேச்சு எந்த ஹாஸ்டலில் ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிஷத்தில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "மச்சி, எஸ்.யூ.வி. மாதிரி ஒண்ணு பாக்கலாம்டா."

அந்த மச்சிக்குத்தான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். சைக்கிளும் கேம்பிங் சாமானும் ஏற்றத்தான் கார் என்றால், நாலு மீட்டருக்குள் அடங்கும் குட்டி எஸ்.யூ.வி.தான் பெரும்பாலும் தப்பான தேர்வு. உங்களுக்குத் தேவை எஸ்டேட் கார். அது கிடைக்காவிட்டால், அதன் வேலையைச் செய்யும் பெட்டி வண்டி.

எஸ்டேட்னா டீ எஸ்டேட்டா?

இல்லை. சாதாரண செடான் காரின் கூரையை டிக்கி முடியும் இடம் வரைக்கும் நேராக இழுத்து, பின்னால் மேலே தூக்கும் கதவு வைத்தால் அதுதான் எஸ்டேட். ஸ்டேஷன் வேகன் என்றும் சொல்வார்கள். தரை தாழ்வு, கூரை நீளம், பின் சீட்டை மடித்தால் உள்ளே ஒரு சின்ன ரூம். ஐரோப்பாவில் நாய், சைக்கிள், டென்ட் எல்லாவற்றோடும் ஊர் சுற்றுகிறவர்கள் பழைய எஸ்டேட்டைத் தேடிப் பிடித்து வாங்குவது இதற்காகத்தான்.

நம்ம ஊரிலும் இது வந்து போயிருக்கிறது. 1992ல் டாடா எஸ்டேட். பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் சியனா வீக்கெண்ட், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி. 2004ல் டாடா இண்டிகோ மரினா. ஒன்றுகூட பெரிதாக ஓடவில்லை. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம்.

ரசனை பாதி காரணம். மீதிப் பாதி வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்குக் கலால் வரி 24%லிருந்து 16% ஆனது. அதன் பிறகு கார் கம்பெனிகள் கையில் கத்தரிக்கோல்தான். 2008ல் இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சி.எஸ். வந்தது. 2012ல் டிசையரும் 3995 மி.மீ.க்குள் சுருங்கியது. ஒரே குடும்பத்தில் பிறந்த மரினா நீளமாக நின்று தோற்றது, சி.எஸ். வாலை வெட்டிக்கொண்டு ஜெயித்தது. இன்று ரோட்டில் பார்க்கும் குட்டி எஸ்.யூ.வி.க்களும் அந்த நாலு மீட்டர் கோட்டுக்குள் பிறந்தவைதான். உயரமும் கம்பீரமும் இருக்கும். டிக்கியைத் திறந்தால் மூச்சு முட்டும்.

லிட்டரை நம்பாதீங்க

கார் விளம்பரத்தில் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் போடுவார்கள். அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை சரியாக 1 லிட்டர். மூலை முடுக்கில் எல்லாம் கட்டை போகும். உங்க சைக்கிள் போகுமா?

சைக்கிளுக்குக் கன அளவு முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம். கணக்கைப் பாருங்க. 700சி டயர் போட்ட ரோடு சைக்கிளின் சக்கர விட்டம் சுமார் 68 செ.மீ. இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவே சுமார் 100 செ.மீ. ஆக முழு நீளம் 168 செ.மீ. பக்கம். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க் முனை வரைக்கும் 134 செ.மீ. இதுவே 29 இன்ச் மவுண்டன் சைக்கிள் என்றால் சக்கரமே 74 செ.மீ., மைய இடைவெளியும் அதிகம். முன் சக்கரம் இல்லாமலே ஒன்றரை மீட்டர் வந்துவிடும்.

அதனால் கார் பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துட்டுப் போங்க. நாலே நாலு அளவு போதும்:

1. முன் சீட்டை ஓட்டுகிறவர் உட்காரும் நிலையில் வைத்து, அதன் முதுகிலிருந்து டிக்கி கதவு வரைக்கும் தரை நீளம். 150 செ.மீ. இருந்தால் நிம்மதி.
2. இரண்டு பின் சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம்.
3. டிக்கி வாயின் உயரம். உள்ளே எவ்வளவு உயரம் இருந்தாலும் வாய் சின்னது என்றால் ஹேண்டில்பார் இடிக்கும்.
4. சீட்டை மடித்த பிறகு தரை சமமா, இல்லை நடுவில் படிக்கட்டு மாதிரி நிற்கிறதா?

முடிந்தால் சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்க. விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும், காசு உங்களுடையது.

அப்போ எதைப் பார்க்கலாம்?

மரினாவில் மனசு போகும். ஆனால் இன்று கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே 15 வருஷத்தைத் தாண்டியவை. தனியார் கார் பதிவு 15 வருஷம் வரைதான். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் சாமான் இண்டிகா, இண்டிகோவோடு பொது என்பதால் சமாளிக்கலாம். பின் கதவும் பின்பக்கக் கண்ணாடியும் உடைந்தால் தேடி அலைய வேண்டியதுதான். வண்டி வேலை தெரிந்தவர், பொறுமை உள்ளவர் மட்டும் தொடவும். ஆக்டேவியா காம்பியும் அப்படித்தான். வாங்கும் விலையைவிட வைத்திருக்கும் செலவு பயமுறுத்தும்.

நடைமுறையில் எஸ்டேட்டின் வேலையை இன்று செய்பவை ஏழு சீட்டர்கள். மாருதி எர்டிகாவில் மூன்றாவது வரிசையை மடித்துவிட்டால் நீளமான தரை கிடைக்கும். மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஆனால் கேட்கும் விலை அதிகம், டாக்ஸியாக ஓடிய வண்டியும் அதிகம். இன்னொரு எச்சரிக்கை: சி.என்.ஜி. எர்டிகாவில் சிலிண்டர் டிக்கிக்குள் உட்கார்ந்திருக்கும். சைக்கிளுக்கு அது ஆகாது.

ரெனோ லாட்ஜி நம்ம ஒரகடத்தில் தயாரான வண்டி. நீளம் 4498 மி.மீ. மூன்றாவது சீட்டைக் கழற்றி ரூமிலேயே வைத்துவிட்டுப் போகலாம். விற்பனை ஓடாததால் செகண்ட் ஹேண்டில் விலை குறைவு. 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் டஸ்டரிலும் உள்ளதுதான். பம்பர், விளக்கு போன்ற பாடி சாமான்தான் தலைவலி.

பட்ஜெட் இன்னும் குறைவா? ஈக்கோவைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதீங்க. மொத்த நீளமே 3675 மி.மீ. ஆனால் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பானெட்டுக்கு இடம் வீணாவதில்லை. பேக்கேஜிங் என்றால் என்ன என்று மெக்கானிக்கல் மாணவர்கள் கற்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. குறையையும் சொல்லிவிடுகிறேன்: ஆரம்ப வருஷ மாடல்களில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. மலைப்பாதைக்கு அது சின்னக் குறை இல்லை.

ரெண்டு பேர்தான் போவீர்கள் என்றால் ஹோண்டா ஜாஸ். பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்பக்கத் தரை நன்றாகத் தாழ்ந்திருக்கும். பின் சீட்டின் அடிப்பலகையை மேலே தூக்கி நிறுத்தும் வசதி எல்லா வேரியன்டிலும் இல்லை, பார்த்து வாங்குங்க.

ஒரு உண்மையை ஒத்துக்கொள்வோம். நாலு பேரும் நாலு சைக்கிளும் எந்தக் காருக்குள்ளும் ஒன்றாக அடங்காது. ரெண்டு பேர், ரெண்டு சைக்கிள், சாமான் என்பதுதான் இந்த வண்டிகளின் நியாயமான கணக்கு.

மேலே கட்டினா என்ன?

கட்டலாம். ஆனால் ஒன்றரை மீட்டர் உயரக் காரின் மேல் ஒரு மீட்டர் உயரச் சைக்கிள் நின்றால் மொத்தம் இரண்டரை மீட்டருக்கு மேல். மால் பார்க்கிங் வாசலில் இருக்கும் இரும்புக் கம்பிக்கு இது தெரியாது. கூரை தாங்கும் எடையும் ஓனர் மேனுவலில் போட்டிருக்கும். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 80லிருந்து 100க்குப் போனால் அது 1.56 மடங்கு. பின்னால் மாட்டும் ரேக் என்றால் நம்பர் பிளேட்டும் பிரேக் லைட்டும் மறையக்கூடாது.

உள்ளே வைத்தால் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும். 12 கிலோ சைக்கிள், வண்டி 60 கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் சுமார் 1670 ஜூல். அந்தச் சைக்கிளை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து, போட்டால் கிடைக்கும் அடி அது. வண்டி எதிலாவது மோதி நின்றால் அந்த அடி உங்க முதுகுக்கு வரும். செயின் ரிங் உங்க பிடரியைப் பார்த்து இருக்கும். ரப்பர் பட்டை இதைத் தாங்காது; நல்ல நாடா பெல்ட் வாங்கித் தரையில் உள்ள கொக்கியிலோ சீட் அடிப்பகுதியிலோ இறுக்குங்க. கனமான சாமான் கீழே, சீட்டை ஒட்டி. கேஸ் கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீங்க.

மாடலைவிட வண்டி முக்கியம்

நல்ல மாடலில் கெட்ட வண்டியும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்க. டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியில் துருவோ புது வெல்டிங்கோ இருக்கிறதா பாருங்க. பின்னால் அடி வாங்கிய வண்டி அங்கேதான் மாட்டும். டயர் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு எண்ணில் 2319 என்றால் 2019ன் 23வது வாரம் செய்தது. "நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று மீட்டர் சொல்லி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்க. லோடு ஏற்றப் போகும் வண்டி என்பதால் பின் ஷாக் அப்சார்பரையும் கிளட்ச்சையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

டெல்லி பக்கமிருந்து வரும் டீசல் வண்டி விலை குறைவாக இருக்கும். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்கு வந்த கட்டுப்பாடுதான் அதற்குக் காரணம். ஆனால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, வரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகும் அது மலிவா என்று கேளுங்க.

யார் பேர்ல?

நாலு பேர் பணம் போடலாம். ஆர்.சி.யில் ஒருவர் பெயர்தான் வரும். யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யார் ஓட்டி விபத்து நடந்தாலும் நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் வரும். பெரும்பாலும் அது அப்பாவோ அம்மாவோ இருக்கும் வீடு. அதனால் ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் சுற்றாமல் உடனே பெயரை மாற்றுங்க. லோன் இருந்த வண்டி என்றால் ஃபார்ம் 35. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துவிடலாம்.

யார் எவ்வளவு போட்டார், படிப்பு முடிந்ததும் வண்டி யாருக்கு, ரிப்பேர் வந்தால் யார் தருவது? ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. கார் போனால் வேறு வாங்கலாம், ஃப்ரெண்ட் போனால் கஷ்டம். ஒன்று மறக்காதீங்க: வெள்ளை போர்டு வண்டியை ஜூனியர்களுக்கு வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் ஐடியா வேண்டாம். சட்டப்படி தப்பு. விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

எதிர்க்கேள்விகள்

"கிரவுண்ட் கிளியரன்ஸ் வேண்டாமா?" நீங்கள் போவது ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் போகிறது. தார் ரோடு முடியும் இடத்தில் சைக்கிளை இறக்குங்க. அதற்குத்தானே கொண்டு போகிறீர்கள்?

"திரும்ப வித்தா விலை கிடைக்குமா?" எஸ்.யூ.வி.க்குக் கூடுதலாகக் கிடைக்கும், உண்மை. வாங்கும்போதும் கூடுதலாகத்தான் கொடுத்தீர்கள்.

"வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப்தான் போவோம்." அப்படியானால் கார் வாங்காதீங்க. முறையாக வாடகைக்குக் கிடைக்கும் வண்டியை எடுங்க. மிச்சக் காசில் நல்ல டென்ட்டும் சைக்கிளுக்கு நல்ல பிரேக்கும் வாங்கலாம்.

மாசம் ரெண்டு தடவையாவது நிச்சயம் கிளம்புவோம் என்பவர்கள் மட்டும் தேடத் தொடங்குங்க. "இது ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குடா" என்று யாராவது ஒரு வண்டியைக் கழித்தால், முதலில் அதன் டிக்கியைத் திறந்து அளந்து பாருங்க.