சின்னக் கோடு... பெரிய வேலை!



‘ஐ ஆம் டென் இயர்ஸ் ஓல்டு’ என்று எழுதினால் டீச்சர், ‘டிக்’ போடுகிறார். ‘ஐ ஆம் எ டென் இயர்ஸ் ஓல்டு பாய்’ என்று எழுதினாலோ, ‘இயர்ஸ்’ என்பதில் உள்ள ‘எஸ்’ஸை சிவப்பு மையால் அடித்து விடுகிறார். ‘பத்து என்றால் பன்மைதானே... எஸ் எங்கே போனது?’ என்று குழம்பியிருப்பீர்கள்.

காரணம் எளிதுதான். இரண்டாவது வாக்கியத்தில், ‘டென், இயர், ஓல்டு’ மூன்றும் ஒன்று சேர்ந்து, அடுத்து வரும் ‘பாய்’ எப்படிப்பட்டவன் என்று சொல்கின்றன. அதாவது, ஒரே, ‘அட்ஜெக்டிவ்’ ஆகி விட்டன. ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவுக்குப் பன்மை கிடையாது. பூக்கள் எத்தனை இருந்தாலும், ‘ரெட் ஃபிளவர்ஸ்’ தான். ‘ரெட்ஸ் ஃபிளவர்ஸ்’ இல்லை. அதனால்தான் எஸ் விடைபெற்றுக் கொண்டது.

‘நாங்கள் மூவரும் ஒரே கூட்டணி’ என்று காட்டத்தான், நடுவே ஹைபன் என்கிற சின்னக் கோடு: ‘டென்-இயர்-ஓல்டு பாய்!’

தமிழிலும் இப்படித்தானே? கடையில், ‘பத்து ரூபாய் நோட்டு’ என்றுதான் கேட்கிறோம். ‘பத்து ரூபாய்கள் நோட்டு’ என்று யாரும் கேட்பதில்லை.

சரி, கோட்டை மறந்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? ‘த்ரீ ஹண்ட்ரட்-இயர்-ஓல்டு ட்ரீஸ்’ என்றால், நூறு வயதான மரங்கள் மூன்று. ‘த்ரீ’ பக்கத்திலும் ஒரு கோடு போட்டு, ‘த்ரீ-ஹண்ட்ரட்-இயர்-ஓல்டு ட்ரீஸ்’ என்று எழுதினால், மரங்களின் வயது முந்நூறு! ஒரே கோட்டில் 200 வயது கூடி விட்டது. ‘மேன்-ஈட்டிங் ஷார்க்’ என்றால், ஆளைத் தின்னும் சுறா. கோட்டை விட்டு விட்டால், ஒரு மனிதர் உட்கார்ந்து சுறா மீன் சாப்பிடுவதாகவும் அர்த்தம் வரும்!

நம் தமிழில், ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம். ஒரு, ‘க்’ சேர்த்து, ‘வேலைக் கொடு’ என்றால் முருகனின் வேலைக் கேட்கிறோம். எந்த மொழியிலும் சின்னது என்று எதையும் ஒதுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருவன், ‘டென் இயர்ஸ் ஓல்டு பாய்’ என்று சொன்னால், சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே, அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான். பத்து என்றால் பன்மை என்று யோசித்துத்தான் அவன் எஸ் சேர்த்தான். இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, எஸ் ஏன் போனது என்று சொல்லிக் கொடுங்கள். அவனுக்கும் புரியும், உங்களுக்கும் மறக்காது.

அன்புடன்,
ஆசிரியர்