இரவல் நொடி

தொலைபேசியில் குரல் செல்வதாகவே நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். எண்முறைத் தொலைபேசி தோன்றிய நாள்தொட்டுக் குரல் செல்வதில்லை, எண்களே செல்கின்றன. அதன் அடிப்படை முறையில், பேசுவோர் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பெறும். ஒவ்வோர் அளவும் ஒன்றும் சுழியுமாகிய எட்டுக் குறிகளால் எழுதப்பெறும். ஆக, ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 குறிகள். இத்தகைய முப்பது குரல்களை, ஒழுங்குமுறைக்குரிய இரண்டு இடங்களோடு சேர்த்து, ஒரே தடத்தில் நொடிக்கு 20,48,000 குறிகளாக அடுக்கி விடுக்கும் முறை உலகின் பல நாடுகளிலும் பரவியது. அவ்வடுக்கில் எந்த எண் எவர் குரல் என்பதற்குப் பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டப்பெறுவதில்லை. வரிசையில் அது நிற்கும் இடமே அதன் அடையாளம். விடுக்கும் நிலையமும் வாங்கும் நிலையமும் ஒரே துடிப்பில் எண்ணினாலன்றி வரிசை நிலைக்காது.

அத்துடிப்பை யார் தருகின்றார்? கருவி எங்கிருந்து வந்தது, எவன் விற்றான், என்ன விலை என்றெல்லாம் கேட்கின்றோம். நொடி எங்கிருந்து வந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இரு நிலையங்களுக்கிடையே ஒரு சிறு தொட்டி இருப்பதாகக் கொள்க. வரும் நீர் ஒரு மணிப்பொறிப்படி வருகின்றது; போகும் நீர் வேறொரு மணிப்பொறிப்படி போகின்றது. வரவு மிகுந்தால் தொட்டி வழியும். செலவு மிகுந்தால் வறளும். வழியும்போது ஓர் அடுக்கு முழுவதும் தொலைகின்றது. வறளும்போது பழைய அடுக்கே மறுமுறை படிக்கப்பெறுகின்றது. இதனைப் பொறிவல்லார் நழுவல் என்பர். பேச்சிலாயின் ஒரு சொடக்கொலி, அவ்வளவே. தொலைநகலிலாயின் சில வரிகள் சிதையும். மறையெழுத்தாக்கிய செய்தியிலாயின் திறவு முறையே தடுமாறிப் பின்வருவன யாவும் பொருளற்றுப் போகும்.

இரு மணிப்பொறிகளுக்கிடையே பத்திலக்கத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பினும் இரண்டு மணித்துளிக்கொரு நழுவல் நேரும். ஆகவேதான், நாட்டின் தலைமை மணிப்பொறி பத்தாயிரங்கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிழைத்தலாகாது என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்தது. அத்தகைய இரண்டு, ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் ஓடினும், 72 நாளுக்கொரு நழுவலே உண்டாம். சீசியம் என்னும் தனிமத்தின் அணு 919 கோடியே 26 இலக்கத்து 31 ஆயிரத்து 770 முறை துடிக்குங் காலமே ஒரு நொடி என 1967-இல் உலகம் ஏற்றுக்கொண்டது. அவ்வணுப் பொறியே இவ்வரையறைக்கு ஈடுகொடுக்க வல்லது.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு, மிசௌரி மாநிலத்து இல்சுபரோவில் சீசிய மணிப்பொறிகளை நிறுவி, அங்கிருந்தே தன் வலையம் முழுவதற்கும் துடிப்பை அனுப்பியது. நாட்டின் நடுப்பகுதியில், மண்ணில் ஊன்றிய மணிப்பொறி. பின்னாளில் அந்நாட்டிலேயே அம்முறை கைவிடப்பெற்று, நிலையந்தோறும் கூரைமேல் ஓர் அலைவாங்கியை வைத்து, அமெரிக்கப் படைத்துறையின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் பெறுவது வழக்கமாயிற்று. ஒவ்வொரு கோளிலும் அணு மணிப்பொறி உண்டு, கட்டணமோ இல்லை. பெல் நிறுவனத்தார்க்கு அது தம் நாட்டுக் கோள். ஏனைய நாட்டினர்க்கு? அவர்களும் அதே கூரையில் அதே அலைவாங்கியைப் பொருத்தினர். மலிவு என்பதற்கு மேல் ஒரு கரணியமும் அவர்கள் தேடவில்லை.

2016 சனவரி 26-ஆம் நாள் அம்மலிவின் விலை தெரிந்தது. 1990-இல் ஏவிய பழங்கோள் ஒன்றைப் பணியினின்று நீக்குகையில், கோள்கள் பரப்பும் நேரத் திருத்தத்தில் ஒரு பிழை புகுந்தது. ஒரு நொடியைப் பத்திலக்கமாகப் பகுத்தால் அதில் 13.7 பங்கு, பல மணிநேரம் அப்பிழை பரவிக்கொண்டிருந்தது. வழிகாட்டும் பணி பழுதுபடாமையால் ஊர்தி ஓட்டியவர் எவரும் ஒன்றும் உணர்ந்திலர். ஆனால் தொலைபேசி நிலையங்களில் எச்சரிக்கை மணிகள் ஓயாது ஒலித்தன; பிரித்தானியாவில் எண்முறை வானொலி ஒலிபரப்பு பல இடங்களில் தடைப்பட்டது. பகைவன் எவனும் தாக்கவில்லை. கணிப்பொறியில் ஏற்றிய ஒரு தவறான எண், அவ்வளவே!

பதின்மூன்று பங்கு என்ன பெரிது என்பார் இக்காலக் கைப்பேசி வலையத்தை அறியாதார். ஒரே அலைவரிசையிற் சொல்லலும் கேட்டலும் மாறிமாறி நிகழும் கோபுரங்களில், ஒன்று பேசும்போது அண்டைக் கோபுரம் கேட்டுக்கொண்டிருத்தலாகாது. கேட்குமாயின் மக்களின் மெல்லிய அலையை அயற் கோபுரத்தின் வல்லலை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கோபுரமும் பொது நேரத்தினின்று நொடியின் பத்திலக்கத்தில் 1.5 பங்குக்கு மேல் விலகலாகாதென விதித்துள்ளனர். ஒளியே அவ்வளவிற் கடக்கும் தொலைவு 450 மாத்திரிக்கோல்தான்.

நேரத்தை இரவல் பெற்ற வரலாறு நமக்குப் புதிதன்று. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் நேரமே, 19-ஆம் நூற்றாண்டில் தந்திவழியே சென்று இத்துணைக்கண்டத்துத் தொடர்வண்டிகளுக்கு நேரமாயிற்று. சென்னை நேரம் என்றே அதற்குப் பெயர். 1906-இல் இன்றைய பொதுநேரம் வரும்வரை அதற்கிருந்த மதிப்பு பெரிது. அதனை எண்ணிப் பெருமைகொள்வார் கொள்ளட்டும். ஊர் நம்முடையது, மணிப்பொறி கும்பினியாருடையது.

இந்திய அரசு தனக்கெனச் செயற்கைக்கோள் வரிசையொன்றை அமைக்க முனைந்தது நன்றே. ஆயின் அங்கும் நிகழ்ந்ததென்ன? 2013-இல் ஏவிய முதற்கோளில் இருந்த மூன்று அணு மணிப்பொறிகளும் வெளிநாட்டில் வாங்கியவை, மூன்றுமே பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகத்து 31-இல் ஏவிய கோள், மேலுறை கழலாமையால் வீணாயிற்று. இந்நாட்டிலேயே செய்த உருபீடிய மணிப்பொறியுடன் 2023 மே 29-இல் ஒரு கோள் விண்ணேறிய பின்னரே சற்று மூச்சுவிட முடிந்தது. 2025 சனவரியில் அடுத்தது ஏறியும் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. முயல்வாரைப் பழித்தல் நம் நோக்கமன்று. தன் கோளைக் கொண்ட ஐரோப்பாவும் 2019 சூலையில், தரையிலிருந்த நேரக் கருவிக் கோளாற்றால் ஒரு கிழமையளவு முடங்கிக் கிடந்ததன்றோ? வானை மட்டும் நம்பியிருத்தல், கோள் எவருடையதாயினும், போதாது.

வழி மண்ணிலேயே உண்டு. அணு மணிப்பொறிகளை நாட்டின் பல இடங்களில் நிறுவி, ஒளியிழைவழியே நேரத்தை அனுப்பலாம். செய்தி போய்த் திரும்பும் காலத்தை அளந்து, அதிற் பாதியைச் செலவுக் காலமாகக் கொள்ளும் முறை 2002 முதலே வரையறுக்கப்பெற்றுள்ளது. போகும் இழையும் வரும் இழையும் நீளத்தில் வேறுபட்டால் பாதிக்கணக்குப் பிழைக்கும். அதனால் இழைதோறும் அளந்து திருத்த வேண்டியுள்ளது. பணமும் பொறுமையும் கேட்கும் வேலை. ஊதியமே குறியாகவுள்ள நிறுவனங்கள் தாமே இதனைச் செய்யா.

எனவே அரசு ஆணையிடல் வேண்டும். வான்குறிகை அற்றுப்போனால் தன் வலையம் எத்துணை மணிநேரம் ஒத்து ஓடும் என்பதை ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நல்ல படிகப் பொறி சில மணிநேரம் தாங்கும். உருபீடியப் பொறி ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். எந்தக் கோபுரத்தில் எது இருக்கின்றது என்பதை நிறுவனத்தார் அறிவர். நாமும் அறிய வேண்டும்.