படைக்கலமும் பழமைப் பற்றும்

பழம்பொருளைப் பேணுதல் பண்பட்ட மக்களின் இயல்புகளுள் ஒன்று. செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் பட்டுத்துணியிற் பொதிந்து வைப்பவரையும், வழக்கொழிந்த நாணயத்தைப் பேழையில் இட்டுப் பூட்டுபவரையும் நாம் நகைப்பதில்லை. ஆயின், மனிதரைக் கொல்லுதற்கென்றே செய்யப்பட்ட கருவியைப் பழமை கருதி வாங்கிப் போற்றுவாரை எவ்வாறு மதிப்பது? இவ்வினா அண்மையில் என் வீட்டு விறாந்தையிலேயே எழுந்தது.

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணாக்கர் ஒருவர் பல்லாண்டுகளாக ஐக்கிய அமெரிக்காவில் வாழ்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர் என்னையும் காண வந்தார். தம்மிடமுள்ள பழைய கைத்துப்பாக்கிகள் இரண்டின் படங்களைக் காட்டி, “ஐயா, இவற்றின் வேலைப்பாட்டைப் பாருங்கள்” என்றார். போர்க்காலத்தில் ஆசிரியப் பணி புரிந்த எனக்கு அச்சொல் உவப்பாக இருக்கவில்லை. “தம்பி, நீர் வாங்கிச் சேர்ப்பதற்கு உலகில் வேறு பொருள் இல்லையோ?” என்று கேட்டேன். அவர் முகம் கோணாது விளக்கினார். அவ்விளக்கத்தில் நியாயம் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

அவற்றுள் ஒன்று லூகர். ஜோர்ஜ் லூகர் என்பார் அமைத்த இதனைச் சுவிற்சர்லாந்துப் படை 1900இலும் ஜேர்மன் தரைப்படை 1908இலும் ஏற்றுக்கொண்டன. பாராபெல்லம் என்பது இதன் மறுபெயர்; போருக்கு ஆயத்தமாகு எனப் பொருள்படும் இலத்தீன் தொடரினின்று பிறந்தது. இதன் மேற்பகுதியில் நம் முழங்காலைப் போன்றதொரு மூட்டு உண்டு. ரவை புறப்பட்டதும், எதிருதைப்பினாற் குழல் சிறிது பின்வாங்க, மூட்டு மேல்நோக்கி மடங்குகிறது. வெறுங்கோது வெளியே எறியப்படுகிறது. மூட்டு மீண்டும் நிமிரும்போது, கைபிடியினுள் அடுக்கிய ரவைகளுள் அடுத்தது குழலினுட் புகுகிறது. ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தியே சுடவேண்டும். ஏனைய வேலையைக் கருவியே செய்துகொள்ளும். அரைத்தானியங்கி என்பதன் பொருள் இதுவே.

இதன் சிற்றுறுப்புகளிலும் துப்பாக்கியின் தொடரிலக்கத்து ஈற்றெண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லா உறுப்பும் ஒரே எண்ணுடையனவாயின் விலை உயரும்; ஒன்று மாறினும் தாழும். “ஏடு மாறாத சுவடி போல, ஐயா” என்று மாணாக்கர் உவமை கூறியபோது எனக்கு மறுமொழி வரவில்லை. ஒரு சுவடியின் நடுவே பிறிதொரு சுவடியின் ஏடு புகுந்துவிட்டால் பதிப்பிப்பவன் படும் பாட்டை யான் அறிவேன்.

மற்றையது அமெரிக்கரான ஜோன் பிரௌணிங் அமைத்த கோல்ட். 1911இல் அமெரிக்கப் படை இதனை ஏற்றது. 1985இலேயே இதற்கு மாற்றாக வேறொன்றைத் தெரிந்தது. 1896ஆம் ஆண்டின் மௌசரைப் பற்றியும் அவர் கூறினார். அதில் கைபிடித் தகடுகளைப் பிணைக்கும் திருகாணியன்றி வேறு திருகாணி இல்லையாம்; உறுப்புகள் ஒன்றையொன்று கௌவி நிற்கின்றன. 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளை அரும்பொருளாகச் சேர்ப்போர்க்கு அந்நாட்டுச் சட்டம் தனி அனுமதிப்பத்திரமே வழங்குகிறது. ஆதலின் இவ்விருப்பத்தைக் கொலைவெறி என்று ஒதுக்குதல் அறியாமை. கம்மியனின் திறனை வியப்பதும், கடந்த காலத்தைக் கையால் தொட விழைவதும் இழிந்த ஆசைகள் அல்ல.

எனினும் ஒன்று என்னை உறுத்தியது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் போர்வீரர் பலர், கைப்பற்றிய லூகர்களைத் தாயகத்துக்குக் கொண்டு சென்றனர். அதற்கு மேலதிகாரி ஒப்பமிட்ட கடிதம் உடனிருந்தால் இன்று அத்துப்பாக்கியின் மதிப்பு மிகும். மாணாக்கரின் லூகருக்கும் அத்தகைய கடிதம் உண்டு. அதிற் கைப்பற்றியவர் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, துப்பாக்கியின் இலக்கமும் உண்டு. “எவரிடமிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதோ?” என்று வினவினேன். “இல்லை, ஐயா” என்றார். “இத்துப்பாக்கி எவரைச் சுட்டது என்று?” அதற்கும் இல்லை என்பதே விடை. ஆணிக்கும் எண்ணிட்டவர்கள் ஆளை எண்ணவில்லை.

வேலைப்பாட்டின் அழகு அதன் பயனைக் கழுவிவிடாது. அதே பிரௌணிங் அமைத்துப் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட 1910ஆம் ஆண்டு வகைக் கைத்துப்பாக்கியாலேயே, 1914 யூன் 28இல் சரயேவோ நகரில் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர். முதலாம் உலகப்போர் அதனைத் தொடர்ந்தது. இத்தாலியில் செய்யப்பட்ட பெரெற்றா 1934 வகைத் துப்பாக்கியே 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளின் உயிரைக் குடித்தது. வீழ்ந்தவர் பெயர் பெற்றவராதலால் இவற்றை நாம் அறிவோம். பெயர் பெறாதார் முன் நீட்டப்பட்டவை எத்தனை!

1983 முதல் 2009 வரை இந்நாட்டை வாட்டிய போரின்போது, என் வகுப்பு இடாப்பிற் பெயர் இருந்த பிள்ளைகள் சிலரை மறு தவணையில் அழைக்க எனக்கு வாய்க்கவில்லை. அவர்கள்மேற் பாய்ந்த ரவை எத்துப்பாக்கியினின்று புறப்பட்டது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. அத்துப்பாக்கியும் ஒருநாள் எங்கோ ஒரு கண்ணாடிப் பேழையுள் அரும்பொருளாகக் கூடும். அதன் முன் நின்று ஒருவர் வேலைப்பாட்டை வியக்கவும் கூடும். இதனை மாணாக்கரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவரும் அவ்வகுப்பில் இருந்தவரே.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை மாணவர் அறிவர். மயிற்பீலி சூட்டி, நெய்பூசி, காவல்மனையில் அடுக்கிய அவன் படைக்கலங்களைப் புகழ்வார்போல் இகழ்ந்து, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார் அம்மூதாட்டியார். அக்காலத்து வீரத்துக்கு அது அளவுகோல். போரைக் கண்ணாற் கண்ட நமக்கோ அவ்விகழ்ச்சியே புகழ்ச்சியாகத் தோன்றுகிறது. நெய்பூசிப் பேழையில் உறங்கும் படைக்கலமே நல்ல படைக்கலம்.

ஆகவே, பழைய கைத்துப்பாக்கியைச் சேர்க்கலாகாது என்று யான் தீர்ப்புக் கூறவில்லை. சுவடியைச் சேர்ப்பவன் அதனை முழுவதும் படிக்கக் கடமைப்பட்டவன்; தனக்கு இனிய ஏடுகளை மட்டும் படித்து மூடிவிடலாகாது. துப்பாக்கியைச் சேர்ப்பவனுக்கும் அக்கடமை உண்டு. ரவையை நீக்கிப் பூட்டி வைத்தல் அறிவுடையார் செய்யும் காவல். இக்குழலின் முன் பெயர் அறியாத ஒருவன் நின்றிருக்கக் கூடும் என்பதை மறவாதிருத்தல் அறமுடையார் செய்யும் காவல். இவ்விரண்டையும் செய்ய வல்லார் அதனை வைத்திருக்கட்டும். இயலாதார் நூதனசாலைக்குக் கொடுத்துவிடட்டும்.