குடிக்கூலியும் கைமுதலும்

பொருளை ஈட்டுதல் ஒரு திறம். ஈட்டிய பொருளைத் தேய்வின்றிக் காத்தல் மற்றொரு திறம். முன்னையதற்குக் கல்லூரியிற் பயிற்சி பெறுகின்றோம். பின்னையதை உலகம் நமக்குக் கற்பிக்குமுன் பெரும்பாலும் காலங் கடந்துவிடுகின்றது. நம் பழைய மாணாக்கருள் உத்தியோகத்தினின்று ஓய்வுபெறுவோர் பலர், ஒருங்கே கைக்கு வரும் சேமநிதியைக் கொண்டு வீடு கட்டிக் குடிக்கூலிக்கு விட எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைத் தக்கதென்பதைச் சென்னிமலையை முன்னிட்டு ஈண்டு ஆராய்வோம்.

முருகன் குன்றாலும், கைத்தறிப் போர்வை, படுக்கைவிரிப்புகளாலும் பெயர்பெற்றது அவ்வூர். அண்மையிலுள்ள பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கின்றது. ஆதலின் அங்கு வீடு தேடுவோருள் நெசவாளரும் உளர். வெளிமாநிலங்களினின்று வந்த ஆலைத் தொழிலாளரும் உளர். இவர்க்கென வரிசையாகக் கட்டப்படுவனவே லைன் வீடுகள்.

வீட்டினால் வரும் நன்மையை நாம் மறுப்போமல்லோம். வைப்புநிதியின் வட்டி தவணை முடியுங்காறும் ஏறாது. குடிக்கூலியோ காலத்தோடு ஏறும். நிலத்தின் விலையும் உயரக்கூடும். வீட்டுவரி போக எஞ்சும் வாடகையில் நூற்றுக்கு 30 பங்கைக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டமும் இடந்தருகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, நிலமும் கட்டடமும் சேர்த்து ரூ. 30 லட்சத்தில் நான்கு வீடுகள் அமைந்தன என்றும், ஒவ்வொன்றுக்கும் மாதம் ரூ. 4,000 வருகின்றதென்றும் கொள்வோம். ஆண்டுக்கு ரூ. 1,92,000, ஏறத்தாழ ஆறரை வட்டி என மனம் மகிழும். ஆயின் ஒரு குடி பெயர்ந்து மறுகுடி வருமுன் ஒவ்வொரு வீடும் ஒரு மாதம் பூட்டிக் கிடப்பின், வரவு ரூ. 1,76,000 ஆகும். வெள்ளையடிப்பு, ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்ப் பழுது, வரி ஆகியவற்றுக்கு ரூ. 36,000 போக, எஞ்சுவது ரூ. 1,40,000. நூற்றுக்கு ஐந்து ரூபாயுந் தேறாது. இவற்றுள் ரூ. 20 லட்சம் 9 வட்டிக்குக் கடன் பெற்றதாயின், வட்டி மட்டுமே ரூ. 1,80,000. அங்ஙனமாயின் வீட்டுக்காரர் குடியிருப்போரினின்று பெற்றதனைத்தையும் கொடுத்து, மேலுந் தம் கைப்பொருளை இழப்பர்.

"விலை ஏறுமே" என்பர் சிலர். ஏறலாம். எனினும் விற்குமளவும் அவ்வேற்றம் ஏட்டளவினதே. வைத்தியச் செலவு நேர்ந்துழி ஓர் அறையை மட்டும் பெயர்த்து விற்றல் இயலுமோ?

மற்றோர் இடர், எல்லாக் குடிகளும் ஒரே தொழிலை நம்பியிருத்தல். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது ஆலைகள் அடைபட்டன. தொழிலாளர் திரள் திரளாகத் தம்மூர்க்குத் திரும்பினர். அம்மாதம் 29-ஆம் நாள், அன்னாரிடம் ஒரு மாதத்திற்கு வாடகை கேட்டலாகாதென இந்திய அரசு ஆணையிட்டது. அவ்வாணை நேரியதே, ஆயினும் வாடகையை நம்பிக் கடன் வாங்கியவர் நிலை யாதாகும் என்பதை எண்ணுக.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாதல் வேண்டும். வேறு உடன்பாடு இன்றேல் முன்பணம் மூன்று மாத வாடகையை மிகலாகாது. பிணக்கு நேரினும் குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. வாய்ச்சொல்லை நம்பி வீடு விடுவோர் இருதிறத்தார்க்கும் தீங்கு தேடுகின்றனர்.

இது நிற்க, நல்ல குடியே வீட்டின் உண்மையான ஆதாயம் என்பது நம் துணிபு. குழித்தறியிட்டு நெய்வார்க்கு வீடு உறைவிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. வீடு மாறின் தறியும் மாறவேண்டுமாதலின் அவர் எளிதிற் பெயரார். மாதம் ரூ. 4,000 தந்து ஆண்டில் ஒரு மாதம் காலியாக விடும் குடியால் வருவது ரூ. 44,000, ரூ. 3,800 தந்து பன்னிரு மாதமும் நிலைத்திருக்கும் குடியால் வருவது ரூ. 45,600. இருநூறு ரூபாய் இரக்கம் காட்டியவர்க்கே ஆயிரத்தறுநூறு மிகுகின்றது. நூல்விலை ஏறி நெசவுக் கூலி தாழும் மாதத்திற் சிறிது பொறுத்தலும் அத்தகைய முதலீடே.

"வீட்டைக் கட்டிப் பார்" என்று நம் முன்னோர் எச்சரித்தனர், கட்டாதே என்றிலர். கைப்பொருள் முழுவதையும் சுவரில் வைத்துப் பூசற்க. குடிக்கூலியை நம்பிக் கடன்படற்க. ஓராண்டுச் செலவுக்காகும் பணத்தைப் புறம்பே வைத்தபின் கடைக்கால் தோண்டுக. இங்ஙனஞ் செய்வார்க்கு வீடு முதுமையிற் கைக்கோலாகும். செய்யாதார்க்கு அதுவே தலைச்சுமையாகும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞரும் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பாராக.