விருந்தினரும் விசுவாசமும்

"இருந்தால் தருவோம்" என்பது வாக்குறுதியா, அல்லது வாக்குறுதியின் சட்டையை அணிந்த வேறொன்றா? கேட்பதற்கு இஃது இலக்கணக் கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும் இன்று உலகெங்கும் பிரயாணஞ் செய்வோர் பலரின் மனக்குறைக்கு இதுவே வித்தாக இருக்கிறது. பெரிய ஹோட்டல் கம்பனிகள் தம்மிடம் திரும்பத் திரும்பத் தங்குவோரை அங்கத்தவராகச் சேர்த்து, அவர்கள் தங்கிய இரவுகளை எண்ணி, வெள்ளி, பொன், பிளாற்றினம் என்று படிநிலைகளை வழங்குகின்றன. உயர்ந்த படியில் நிற்பவருக்கு, அவர் பணங் கட்டிய அறையிலும் மேலான அறை மேலதிகக் கட்டணமின்றி அளிக்கப்படும் என்பது இத்திட்டங்களின் தலையாய கவர்ச்சி. ஆனால் அந்த வாக்கியத்தின் வாலில் ஒரு சிறு நிபந்தனை தொங்குகிறது: அன்றைய தினம் அத்தகைய அறை இருந்தால்.

இலக்கியப் பக்கத்தில் ஹோட்டல் அறைக்கு என்ன அலுவல் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. விருந்து, வாக்கு, விசுவாசம் ஆகிய மூன்று சொற்களும் இச்சிறு விவகாரத்தில் ஒருங்கே அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. சொல்லின் பொருள் சந்தையிலே மாறும்போது அதனைக் கவனியாதிருப்பது மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் அழகன்று என்பது என் எண்ணம்.

இத்திட்டங்களின் வயது அதிகமன்று. 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் என்ற விமானக் கம்பனி, பறந்த மைல்களைக் கணக்கிட்டுச் சலுகை வழங்கும் முறையை ஆரம்பித்தது. 1983இல் ஹொலிடே இன், மரியற் ஆகிய ஹோட்டல் கம்பனிகளும், 1987இல் ஹில்ரன் கம்பனியும் அவ்வழியிற் சென்றன. 2016இல் மரியற் கம்பனி ஸ்ரார்வுட் கம்பனியை வாங்கியது. பின்னர் இரு கம்பனிகளின் அங்கத்தவரும் ஒரே பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். 2019இல் அப்பட்டியலுக்குப் பொன்வோய் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. அதன் அங்கத்தவர் தொகை இன்று 20 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிப்படியில் நிற்பவரே. ஓராண்டில் 50 இரவுகள் தங்குபவர் பிளாற்றினப் படியை அடைகிறார். சில கடனட்டைகளை வைத்திருப்பவருக்கோ ஓரிரவுகூடத் தங்காமலே பொன் படி கிடைத்துவிடுகிறது. இவ்வாறு படியேறுவோர் தொகை வளர்ந்துகொண்டே போகிறது. மாடமாளிகை போன்ற பெரிய அறைகளின் தொகை அவ்வாறு வளர்வதில்லை.

பழம்பெரும் ஹோட்டல்களில் இந்த முரண்பாடு மேலும் கூர்மை பெறுகிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்திலுள்ள பலஸ் ஹோட்டலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியா வங்கியின் தலைவராயிருந்த வில்லியம் ரால்ஸ்ரன் என்பவரின் கனவு அது. 1875 ஓகஸ்டில் வங்கி முறிந்தது. மறுநாள் ரால்ஸ்ரன் குடாக்கடலில் உயிரிழந்தார். ஒக்ரோபரில் ஹோட்டல் திறக்கப்பட்டபோது அதைக் கட்ட எண்ணியவர் இல்லை. ஹவாய்த் தீவுகளின் மன்னர் கலாகௌவா 1891இல் அங்கேதான் காலமானார். 1906இல் பூகம்பத்தைத் தொடர்ந்த பெருந்தீ அக்கட்டிடத்தை அழித்தது. அதே இடத்தில் எழுந்த புதிய கட்டிடம் 1909இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரையின்கீழ் அமைந்த அதன் பூங்கா மண்டபத்தைக் காண்பதற்காகவே இன்றும் மக்கள் செல்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங் 1923இல் இறந்ததும் இங்கேதான். இத்தகைய சரித்திரப் புகழ் வாய்ந்த இல்லம் இன்று மேற்கூறிய பொன்வோய்த் திட்டத்தில் ஓர் உறுப்பு.

புதிதாகக் கட்டப்படும் ஹோட்டலில் அறைகள் ஒரே அச்சில் வார்த்த செங்கற்களைப் போன்றவை. எட்டாம் மாடியில் உள்ளதே பதினெட்டாம் மாடியிலும் இருக்கும். அங்கே உயர்வு என்றால் உயரந்தான். பழைய கட்டிடங்களின் இயல்பு வேறு. மின்விளக்கும் குளிரூட்டியும் பரவுமுன் திட்டமிடப்பட்ட கட்டிடங்களுக்கு வெளிச்சமும் காற்றும் உள்முற்றங்களின் வழியாகவே வரவேண்டியிருந்தது. ஆகவே ஓர் அறையின் யன்னல் தெருவை நோக்கும். அடுத்த அறையின் யன்னல் எதிர்ச்சுவரை நோக்கும். குளியலறைகள் பல பிற்காலத்தில் உள்ளே புகுத்தப்பட்டவை. அதனால் ஓரிடத்தில் படுக்கை அறை சுருங்கியிருக்கும், மற்றோரிடத்தில் மூலைக்கு மூலை விரிந்திருக்கும். சரித்திரச் சின்னமாகப் பாதுகாக்கப்படுங் கட்டிடத்தில் சுவரை இடித்து இக்குறையை நீக்குவதும் எளிதன்று. எனவே பட்டியலில் ஒரே பெயரைத் தாங்கும் இரண்டு அறைகள் உண்மையில் இரண்டு உலகங்களாக இருத்தல் கூடும்.

இதனால் விளையும் அனுபவ வேறுபாட்டுக்கு நான் அறிந்த ஓர் உதாரணம் சொல்வேன். கடல் கடந்து குடியேறிய என் நண்பர் இருவர், இருவரும் ஒரே படியில் உள்ளவர்கள், வெவ்வேறு மாதங்களில் வெளிநாட்டுப் பழைய ஹோட்டலொன்றில் தங்கினர். ஞாயிறு இரவு சென்றவருக்கு, அவர் வாய் திறந்து கேட்கு முன்பே, இருக்கை அறையும் படுக்கை அறையுமாக இரண்டு அறைகள் கிடைத்தன. வாரத்தின் நடுவில், பெரிய மகாநாடு ஒன்று நடந்த வேளையிற் சென்றவருக்குச் சற்று அகலமான, ஆனால் உள்முற்றத்து மதிலைப் பார்த்த அறை கிடைத்தது. அதுவும் பதிவேட்டில் உயர்வு என்றே எழுதப்பட்டது. முதல்வர் அந்த ஹோட்டலை விருந்தோம்பலின் சிகரம் என்கிறார். இரண்டாமவர் வாக்குத் தவறிய இடம் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. மகாநாட்டு வாரத்தில் வரிசையில் நிற்பவருள் மிகப் பலரும் உயர்படியினர். எல்லோரும் முதல்வகுப்பினராக இருக்கும் வண்டியில் முதல்வகுப்பு என்று ஒன்று இல்லை.

இவ்விடத்தில் வரவேற்பு மேசையில் நிற்கும் லிகிதரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய ஹோட்டல் கம்பனிகளின் பெயரைத் தாங்கும் கட்டிடங்களிற் பெரும்பாலானவை அக்கம்பனிகளுக்குச் சொந்தமானவை அல்ல. கட்டிடம் ஒருவருடையது, பெயர்ப்பலகை வேறொருவருடையது. பெரிய அறையைத் தருவதாகச் சொல்பவர் பெயர்ப்பலகைக்காரர். அதை விலைக்கு விற்றால் இலாபம் பெறுபவர் கட்டிடக்காரர். இருவருக்குமிடையே, இவ்விரண்டு விருப்பங்களின் பாரத்தையும் தோளிற் சுமந்து, நள்ளிரவில் களைத்து வந்த பிரயாணியின் சினத்துக்கு முகங்கொடுப்பவர் மாதச் சம்பளம் பெறும் ஓர் ஊழியர். தலைமைக் காரியாலயம் வாக்களிக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

இனி விசுவாசம் என்ற சொல்லுக்கு வருவோம். தமிழ் மரபிலே செஞ்சோற்றுக்கடன் என்று ஒன்று உண்டு. கர்ணன் கதை அறிந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உண்டவன் ஊட்டியவனுக்குப் பட்டிருக்கும் கடன் அது. ஹோட்டலிலோ உண்டவன் தன் உணவுக்கும் உறையுளுக்கும் விலை கொடுத்துவிட்டான். கடன் அங்கேயே தீர்ந்தது. அதற்கு மேலும் அவனிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பதும், அவ்விசுவாசத்தை இரவுகளின் எண்ணிக்கையால் அளப்பதும், அளந்ததற்குக் கூலியாக அறையைக் காட்டுவதும் வாணிபம். வாணிபம் இழிவானதென்று நான் சொல்லவில்லை. அதற்கு விசுவாசம் என்று பெயரிடுவதே பிழை.

நம் ஊர்க் கடைக்காரர் நெடுநாள் வாடிக்கைக்காரருக்கு நிறுவைக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடுவதுண்டு. அந்தப் பிடிக்கு ஒழுங்குவிதி இல்லை. போட்டால் மகிழ்ச்சி, போடாவிட்டால் எவரும் முறைப்பாடு செய்வதில்லை. அறை உயர்வும் ஆதியில் அத்தகைய ஒரு பிடியாகவே இருந்திருக்க வேண்டும். அதை அச்சிட்டு, படிவகுத்து, விளம்பரஞ் செய்த அன்றே அது கொடை என்ற தன்மையை இழந்தது. உரிமையின் தோற்றத்தைப் பெற்றது. ஆனால் உரிமைக்குரிய உறுதியை மட்டும் பெறவில்லை. கொடையின் இனிமையும் இல்லாமல், உரிமையின் நிச்சயமும் இல்லாமல், இரண்டுங்கெட்ட நிலையில் நிற்பதனாலேயே அது கிடைத்தவனுக்கு அளவுக்கு மிஞ்சிய பெருமிதத்தையும், கிடையாதவனுக்கு அளவுக்கு மிஞ்சிய அவமானத்தையும் தருகிறது. பெரிய அறை கிடைக்காததால் எவனும் வெயிலில் நிற்கவில்லை. எனினும் தான் மதிக்கப்படவில்லை என்ற உணர்வோடு அவன் உறங்கச் செல்கிறான். அவ்வுணர்வு உண்மையானது, அதை நகைத்துத் தள்ளுவது நியாயமன்று.

ஆனால் உயர்வு என்ற சொல்லுக்கு அதே பலஸ் ஹோட்டலில் வேறொரு சரித்திரமும் உண்டு. 1964ஆம் ஆண்டின் முற்பகுதியில், அது ஷெரட்டன் பலஸ் என்று வழங்கிய காலத்தில், நூற்றுக்கணக்கான இளைஞரும் மாணவரும் அதன் முன்மண்டபத்தில் நுழைந்து தரையில் அமர்ந்தனர். கறுப்பு மக்களுக்கு அங்கே கீழ்நிலை வேலைகளே கிடைக்கின்றன, விருந்தினரின் கண்ணிற் படும் மேல்நிலை வேலைகள் கிடைப்பதில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். முடிவில் நகரத்து ஹோட்டல் உரிமையாளர் சங்கம் வேலை வழங்கலில் பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கைக்கு இணங்கியது. 2018இல் மரியற் நிர்வாகத்தின்கீழிருந்த அந்நகரத்து ஹோட்டல்கள் சிலவற்றின் ஊழியர், பலஸ் ஊழியர் உட்பட, ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒரு வேலை ஒருவர் வாழப் போதுமானதாயிருக்க வேண்டும் என்பதே அவர்களின் முழக்கம். பெரிய அறை கிடைக்கும்போது விருந்தினருக்கு அது சலுகை. மறுநாட் காலை அதைத் துடைத்து விரிப்பவளுக்கு அது மேலதிக வேலை. ஆண்டில் ஐம்பது இரவு தங்கியவருக்குப் பட்டம் உண்டு. இருபது ஆண்டுகளாக அதே மாடியில் கட்டில் விரிப்பவளின் விசுவாசத்தை எண்ணுவதற்கு எந்தப் பட்டியல் இருக்கிறது?

மேலும் ஒரு சம்பவம். அந்த ஹோட்டலின் மதுச்சாலையில் மக்ஸ்பீல்ட் பரிஷ் 1909இல் வரைந்த குழலூதுவோனின் ஓவியம் தொங்குகிறது. எலிகளை ஒழித்தால் கூலி தருவோம் என்று சொல்லிப் பின்னர் வாக்குத் தவறிய ஊரின் கதை அது. 2013இல் அதை விற்பதற்காக நிர்வாகம் சுவரிலிருந்து இறக்கியது. நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சில தினங்களிலேயே நிர்வாகம் தன் முடிவை மாற்றியது. துப்புரவு செய்யப்பட்ட ஓவியம் அதே ஆண்டில் பழைய இடத்துக்கு மீண்டது. குரல் எழுப்பியவர்கள் அந்நகரவாசிகள்; தம் ஊரில் வீடு உள்ளவர் ஹோட்டலில் எத்தனை இரவு தங்கியிருப்பார்? எந்தப் படியிலும் இடம்பெறாத அவர்களே அவ்வில்லத்தின் மெய்யான விசுவாசிகள் என்று சொல்வேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கம்பனிகள் தரக்கூடியதை மட்டும் சொல்ல வேண்டும். பழைய ஹோட்டலாயின், இங்கே அறைகள் ஒன்றுபோல் இரா, பெரிய அறைகள் இத்தனையே உள்ளன, மகாநாட்டு நாட்களில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவதால் எவருக்கும் நட்டமில்லை. அங்கத்தவரும், பெரிய அறை உண்மையில் தேவையாயின் அதற்குரிய விலையைக் கொடுத்துப் பெறுவதே மானமுள்ள வழி என்று உணர வேண்டும். கிடையாவிடின் முறைப்பாட்டை எழுதவேண்டிய இடம் தலைமைக் காரியாலயம். மேசையில் நிற்கும் லிகிதரின் முகமன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ அன்பர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவர் எத்தனையாந் தடவை வந்தார் என்று எண்ணும்படி அதில் எங்கும் அவர் கூறவில்லை. பரிசும் பட்டமும் படிநிலையும் நமது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் நாளுக்குநாள் பெருகி வருகின்றன. கொடுக்க முடியாததைக் கொடுப்போமென்று அறிவித்து, பிறகு நிபந்தனையின் பின்னால் ஒளியும் பழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. வாக்களிக்கு முன் கையிருப்பை எண்ணிப் பார்ப்போமாக.