நாய் வளர்ப்பதில்லை என்று சொல்லும் நாம்



தெருநாய்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊர்களில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது: “நாம்தான் நாய் வளர்ப்பதில்லையே!” பள்ளிவாசல் திண்ணையிலும் இதே பதில்தான், ஜமாஅத் கூட்டத்திலும் இதே பதில்தான். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்று சிறுவயதில் மதரஸாவில் படித்ததோடு நாய்க்கும் நமக்கும் உள்ள கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். கடலாமையின் கதையும் அப்படியே. ஆமை இறைச்சி நமக்கு ஆகாது. ஆகவே ஆமைக்கு நம்மால் தீங்கு ஏதும் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறு என்பதே எங்கள் வாதம்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று நீளும் கரையும், வடக்கே வேம்பார் வழியாகக் கீழக்கரை வரை செல்லும் கரையும் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தவை. 1986இல் இங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமை தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் தமிழகக் கரையேறி, மணலில் குழி பறித்து நூறு முட்டைகளுக்குமேல் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை அந்தக் குழிக்குக் காவல் கிடையாது. நாயின் மோப்பத்துக்கு ஒரு முழ மணல் எம்மாத்திரம்? விடியுமுன் தோண்டித் தின்றுவிட்டுப் போகின்றன. மிஞ்சிய ஓடுகள் காற்றில் உருண்டு கிடப்பதை ஃபஜ்ருக்குப் பின் கடற்கரையில் நடப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்தும் அது என்னவென்று அறியாமல் கடந்திருப்பார்கள். நாய்க்கு முந்திக்கொள்வதற்காகவே வனத்துறையினரும் தன்னார்வலரும் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் வைக்கிறார்கள். பொரித்துக் கடல் சேரும் குஞ்சுகளிலும் ஆயிரத்துக்கு ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவ்வளவு மெல்லிய கணக்கில் நிற்கும் ஓர் இனத்தின் முட்டைக் குழியைத்தான் நம் தெருவிலிருந்து போகும் நாய் தோண்டுகிறது.

நம் தெருவிலிருந்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரையில் நாய் தானாக முளைப்பதில்லை. மணலில் அதற்கு ஆண்டு முழுவதும் இரை கிடையாது. ஆமை முட்டை இரண்டு மூன்று மாதச் சங்கதி. மற்ற மாதங்களில் அந்தக் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பது இறைச்சிக் கடைக் கழிவு, கோழிக் கடைக் கழிவு, மீன் கழிவு, மண்டபத்து எச்சில். ஓராண்டு நிறையுமுன்பே ஈனத் தொடங்கக்கூடிய விலங்கு அது. ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள். அவற்றில் எத்தனை பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குப்பைமேடுதான். நம் ஊர்களில் களறிச் சாப்பாட்டின் சிறப்பைப் பேசாதவர் இல்லை. அத்தனை சஹன்களில் மிஞ்சிய எலும்பும் சோறும் இரவு எங்கே போயின என்று விருந்து வைத்தவரும் கேட்பதில்லை, உண்டவரும் கேட்பதில்லை. ஊருக்கு வெளியே ஓடை ஓரத்திலோ, உடைமரக் காட்டிலோ, கடலை ஒட்டிய பொட்டலிலோ கொட்டப்படுகின்றன. நாய் வளர்க்காத சமுதாயம் நாய்க்குப் பந்தி வைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு குர்பானி. “ஆண்டுக்கு மூன்று நான்கு நாள்தானே, அதைப் பெரிதாக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கிறார்கள். அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், அறுக்கப்படும் பிராணியைத் துன்புறுத்தாதிருக்கவும் கட்டளையிட்ட மார்க்கம் இது. எல்லாவற்றிலும் நேர்த்தியை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தியின் தொடர்ச்சியே அந்தக் கத்தியைப் பற்றிய கட்டளை. நேர்த்தி கழுத்தோடு முடிந்து குடலுக்கும் இரைப்பைக்கும் பொருந்தாமல் போகுமா? பங்கு பிரிப்பதில் தராசு முள் அசையாமல் பார்க்கும் நாம், குடலைச் சாக்கில் கட்டி இருட்டில் வீசிவிட்டு வருவதை இபாதத்தின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பார்ப்பதில்லை.

இது வெறும் சுகாதாரப் பிரச்சினை என்று ஒதுக்குவோருக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறோம். பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு என்றும், இரவில் கால்நடை செய்யும் நாசத்துக்குக் கால்நடை உடையவரே பொறுப்பு என்றும் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதிலும் முவத்தாவிலும் பதிவாகியிருக்கிறது. இரவில் அவிழ்ந்து திரியும் விலங்கின் செயலுக்கு அதை வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். தெருநாய்க்குப் பட்டாவில் உரிமையாளர் இல்லை, உண்மைதான். இந்தத் தீர்ப்பை அப்படியே தெருநாய்க்கு நீட்டும் ஃபிக்ஹ் தகுதி எங்களுக்கு இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்துக்குத் தீனி போட்டுப் பெருக்கியவர், அது இரவில் செய்வதற்கு எனக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னால், அந்தச் சொல் மறுமையில் எடுபடுமா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு வகையினர் நம்மிடையே எழுகிறார்கள். முதல் வகையினர் விஷம் வைக்கச் சொல்பவர்கள். மதீனாவில் நாய்களைக் கொல்லுமாறு ஒரு கட்டத்தில் கட்டளை இருந்தது. பின்னர் அது தடுக்கப்பட்டது. நாய்களும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமாக இல்லாதிருந்தால் அவற்றைக் கொல்லக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் கூறுகிறது. கடித்துக் குதறும் நாயைக் கொல்ல ஹரமிலும் அனுமதி உண்டு. அந்த அனுமதியைக் கண்ணில்பட்ட நாய்க்கெல்லாம் விரிப்பது மார்க்கமன்று. நாட்டுச் சட்டப்படியும் குற்றம். விஷமிட்ட இறைச்சியை நாய் மட்டும் தின்னாது. பருந்தும் கீரியும் நரியும் தின்னும். தீனி அங்கேயே கிடக்கும்வரை செத்த நாயின் இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்துவிடும்.

இரண்டாம் வகையினர் ஸதகா பேசுபவர்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த செய்தியை நாங்களும் அறிவோம், நம்புகிறோம். கிணற்றில் இறங்கி, காலணியில் நீர் மொண்டு, வாயால் கவ்விக்கொண்டு மேலேறிய உழைப்பு அது. வேண்டாத குடலைச் சுவரைத் தாண்டி எறிவதற்கு அந்த ஹதீஸை யாரும் சான்றாகக் காட்ட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலும், கண்ட தெருவில் உணவிடக் கூடாது, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் இட வேண்டும் என்று கூறப்பட்டது. இரக்கத்துக்கும் இடம் பொருள் உண்டு.

பூனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே “நாம் வளர்ப்பதில்லை” என்ற சாக்கும் நமக்கில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லி உருகி வளர்க்கிறோம். குட்டி போட்டதும் சாக்கில் கட்டி மீன் சந்தையிலோ கடற்கரையிலோ இறக்கிவிடுகிறோம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் ஹதீஸைக் காட்டி, “கட்டிப்போடாமல் அவிழ்த்துத்தானே விட்டோம்” என்பார்கள். அதில் கண்டிக்கப்படுவது அடைத்துவைத்துச் சாகடித்த கொடுமை. வளர்த்துச் சலித்ததை அயலிடத்தில் தள்ளிவிட்டு வர அதில் அனுமதி இல்லை. இறக்கிவிடப்பட்ட குட்டிகளில் பல செத்துப்போகும். பிழைத்தவை ஓணானையும், தரையில் கூடுகட்டும் பறவையின் குஞ்சையும் தின்று பிழைக்கும். இரண்டுமே நம் கைவேலை.

இது நம் கரையோடு நிற்கும் கேடன்று. நம் மாவட்டத்திலேயே, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987இல் அமைந்தது, 16 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சிறு குன்றுக்காடு. இத்தகைய காடுகளிலிருந்து கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் மான்கள் நாய்களிடம் சிக்கும் செய்தி தமிழகத்தில் ஆண்டுதோறும் வருகிறது. பல் படாவிட்டாலும், துரத்தப்பட்ட அதிர்ச்சியிலேயே மான் செத்துவிடக்கூடும். இந்திய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாய்களால் தாக்கப்பட்ட காட்டுயிர்களாக 80 இனங்கள் கணக்கிடப்பட்டன; அவற்றில் 31 அழிவின் அச்சுறுத்தலில் உள்ளவை. அதே ஆண்டு கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு வைரஸ் அவற்றிடம் கண்டறியப்பட்டது. நாய் மட்டுமா? கோடியக்கரையில் காட்டில் பெருகிவிட்ட மட்டக்குதிரைகள் வெளிமானின் புல்லைப் பங்குபோடுகின்றன. மனிதன் வளர்த்துக் கைவிட்ட விலங்கு எங்கே போனாலும் அங்குள்ளதன் வாயிலிருந்துதான் பிடுங்கித் தின்கிறது.

“அரசு கருத்தடை செய்யட்டும்” என்று முடித்துவிடலாமா? 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். செய்யத்தான் வேண்டும், ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல், குறுகிய காலத்துக்குள் செய்தால்தான் பலன். ஆனால் கருத்தடை செய்த நாய்க்கும் பசிக்கும். கடற்கரையில் பிடித்ததைக் கடற்கரையிலேயே விட்டால் அது இந்தப் பங்குனியிலும் தோண்டும், அடுத்த பங்குனியிலும் தோண்டும். குப்பையை நிறுத்தாத கருத்தடை ஓட்டை வாளியில் நீர் இறைப்பது.

வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடை கூடுமா என்ற தயக்கம் நம் குடும்பங்களில் உண்மையாகவே உண்டு. உண்ணப்படாத விலங்குக்குக் காயடிப்பதை ஷாஃபிஈ நூல்கள் தடுக்கின்றன. அதை மறைக்க விரும்பவில்லை. பலன் இருந்தால் கூடும் என்று ஹனஃபீ நூல்கள் சொல்கின்றன. மயக்க மருந்தும் மருத்துவரும் உள்ள இக்காலத்தில், தேவை இருந்து துன்பம் இல்லையென்றால் அனுமதிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். தயக்கமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்கட்டும். கேட்கும்போது, “கருத்தடை கூடுமா?” என்பதோடு நிறுத்தாமல், “செய்யாவிட்டால் குட்டிகளைச் சாக்கில் கட்டி இறக்கிவிடுவோம், அது கூடுமா?” என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். பாதிக் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

இந்தக் கரையின் முஸ்லிம்களுக்குக் கட்டுப்பாடு புதிதன்று. முத்துக்குளிக்கும் காலத்தில் நினைத்த நாளில் யாரும் மூழ்கவில்லை. பாரில் உள்ள சிப்பிகளை எடுத்துப் பார்த்து, முதிர்ந்தவை என்று கண்ட பிறகே சலாபம் அறிவிக்கப்படும்; இடையில் பல ஆண்டுகள் பார் சும்மா கிடக்கும். சங்கு குளிப்பவர் அளவுக்குச் சிறியதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். பரதவரோடு நம் முன்னோரும் இந்த ஒழுங்கில் மூச்சடக்கி மூழ்கியவர்கள். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தப் பெருமையைப் பேச மட்டும் நாம் இன்னும் ஓயவில்லை. கடலுக்குள் அவ்வளவு கணக்குப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கரையில் ஒரு சாக்குக் குப்பைக்குக் கணக்கு இல்லை.

ஆகவே ஜமாஅத்துகளிடம் கேட்கிறோம். குர்பானிக்கு மஹல்லாவில் ஒரு பொது இடம் வேண்டும். அருகிலேயே நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வேண்டும். சுண்ணாம்பு தூவி அன்றே மூட வேண்டும். பங்குத் தொகையோடு குழிக்கூலியையும் சேர்த்தே வசூலிக்கட்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நிகாஹ் மண்டபத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே எச்சில் எங்கே போகும் என்பதை எழுதி வாங்கட்டும். இறைச்சிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் கழிவை நகராட்சி வண்டியில் மட்டுமே ஏற்றுவதாக ஒப்புக்கொள்ளட்டும். மீறினால் கேட்கும் தைரியம் நிர்வாகிகளுக்கு வரட்டும். நாய்க் கருத்தடைக்கு நகராட்சியிடம் கொடுக்கும் மனுவில் கையொப்பமிடக் கூச்சம் வேண்டாம். நாய் நஜீஸ், மனு நஜீஸ் அன்று. தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரைக்குத் தின்பண்டத்தோடு போகும் இளைஞர்கள் எலும்பையும் பொட்டலத்தையும் மணலில் விட்டுவராமல் திரும்பக் கொண்டுவரட்டும்.

குழி தோண்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க, நிலத்தடி நீரையும் பார்க்க வேண்டும், நகராட்சியின் அனுமதியும் வாங்க வேண்டும். துல்ஹஜ் பிறை தெரிந்த பின் கூடினால் நேரம் போதாது. துல்கஅதா முதல் வாரத்திலேயே நிர்வாகக் கூட்டத்தை வைத்துவிடுங்கள்.